ஆர் இடிச்சது? – நிலத்துக்குள் இறங்கிய ஒரு தூணின் கதை

கலை வரலாற்று வகுப்பு ஒன்றில் விரிவுரையாளர் இரண்டு படங்களைத் திரையில் போட்டார். முதல் படத்தில் ஒரு சதுரத் தூண். கடைத்தெருவுக்குப் பக்கத்தில், கீழே நிற்கிற ஆக்களைவிட ஆறேழு மடங்கு உயரமாக, கருஞ்சாம்பல் நிறத்தில் நிற்கிறது. இரண்டாவது படமும் அதே இடம்தான். ஆனால் தூணைக் காணேல்லை. தரையில் ஒரு சதுரத் தகடு மட்டும் கிடக்கிறது. பின்வரிசையில் இருந்து உடனேயே ஒரு குரல் வந்தது: "ஆர் சேர் இடிச்சது?"

ஒருத்தரும் சிரிக்கேல்லை. எங்கள் எல்லாருடைய மனதிலும் வந்த கேள்வி அதுதான். நினைவுச்சின்னம் ஒன்று இருந்த இடத்தில் இல்லையென்றால், ஆரோ இரவோடு இரவாக இடித்திருக்கவேணும். நாங்கள் பார்த்து வளர்ந்த உலகம் எங்களை அப்பிடித்தான் பழக்கியிருக்கு. விரிவுரையாளர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னார்: "ஒருத்தரும் இடிக்கேல்லை. அதைச் செய்த ஆக்களே கொஞ்சம் கொஞ்சமா நிலத்துக்குள்ள இறக்கினவை. இறக்கிறதுக்கெண்டுதான் செய்ததே."

வகுப்பு முடிந்தும் கதை முடியேல்லை. கன்ரீனில் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அதைப் பற்றியே கதைத்தோம். மறையப்போகிற ஒன்றை ஏன் கட்டவேணும்? அது என்ன மாதிரியான நினைவு? பிறகு கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தோம். வாசிக்க வாசிக்க, தூணைவிடத் தூணடியில் நடந்ததுதான் பெரிய கதை என்று விளங்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஆற்றின் தெற்குக் கரை

ஹம்பேர்க், ஜேர்மனியின் வடக்கில் எல்ப் ஆற்றங்கரையில் இருக்கிற பெரிய துறைமுக நகரம். ஆற்றின் தெற்குப் பக்கம் ஹார்பேர்க் என்றொரு பகுதி. இரண்டு பெயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், குழம்பிப்போகாதீர்கள். ஹார்பேர்க் முன்னர் தனி நகரம். 1937 இல் நாஸி அரசு கொண்டுவந்த சட்டம் ஒன்றுதான் அதை ஹம்பேர்க்குடன் சேர்த்தது. றப்பர் தொழிற்சாலையும் எண்ணெய் ஆலைகளும் இருந்த தொழிலாளர் ஊர் அது. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் குண்டுவீச்சில் கடுமையாக அடிவாங்கியது.

போருக்குப் பிறகு மேற்கு ஜேர்மனியின் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதவில்லை. 1961 இல் துருக்கியுடன் ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை வரவழைத்தார்கள். அப்படி வந்த குடும்பங்கள் குடியேறிய இடங்களில் ஹார்பேர்க்கும் ஒன்று. ஆகவே 1980களில் அங்கத்தைய கடைத்தெருவில் வயதான ஜேர்மன் தொழிலாளியும், துருக்கிக் குடும்பமும், பள்ளிக்கூடப் பெடியளும் ஒரே நடைபாதையில்தான் ஒருவரையொருவர் கடந்து போனார்கள். கடந்து போனார்கள், அவ்வளவுதான். நின்று கதைப்பதற்குக் காரணம் ஒன்றும் இருக்கேல்லை.

1983 இல் நாஸிகள் ஆட்சிக்கு வந்து 50 ஆண்டுகள் நிறைந்தன. போரைக் கண்ட தலைமுறையில் பலர் வாய் திறக்காமலே வயதாகிப் போனவர்கள். இப்போது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கட தெருவில என்ன நடந்தது? யூத அயலவரை ஏற்றிக்கொண்டு போகேக்க நீங்கள் எங்க நின்றனீங்கள்?

ஹம்பேர்க் நகர மத்தியில் இந்தக் கேள்விக்குக் குறுக்கே ஒரு கல்லே நின்றது. டம்டோர் தொடருந்து நிலையத்துக்குக் கிட்ட, 1936 இல் எழுப்பப்பட்ட போர் நினைவுச்சின்னம். பெரிய கற்கட்டி ஒன்று. அதைச் சுற்றிவரப் படைவீரர்கள் அணிவகுத்துப் போகிற புடைப்புச் சிற்பம். நாடு வாழ்வதற்காகச் சாவதையே பெருமையாகச் சொல்கிற ஒரு வாசகம். இதை அகற்றச் சொல்லி ஒரு தரப்பு, விடச் சொல்லி இன்னொரு தரப்பு. கடைசியில் அதை அகற்றாமல், அதற்குப் பக்கத்தில் எதிர்ச்சின்னம் ஒன்றை அமைக்கும் வேலையை அல்பிறெட் ஹிர்ட்லிச்கா என்ற ஆஸ்திரியச் சிற்பியிடம் கொடுத்தார்கள். அவர் போரில் வதைபட்ட உடல்களைச் செதுக்கினார். நான்கு பகுதிகள் திட்டமிடப்பட்டன. 1985 இலும் 1986 இலும் இரண்டு பகுதிகள் வைக்கப்பட்டதோடு வேலை நின்றுபோனது.

கல்லுக்குக் கல்லால் பதில் சொல்கிற வழி அது. அதே நகரத்தில், அதே ஆண்டுகளில், ஆற்றின் தெற்குக் கரையில் வேறொரு வழி தேடினார்கள்.

பூங்கா வேண்டாம்

பாசிசத்துக்கும் போருக்கும் வன்முறைக்கும் எதிராக, சமாதானத்துக்கும் மனித உரிமைக்குமாக ஒரு நினைவுச்சின்னம் வேணும் என்று ஹார்பேர்க்கில் முடிவெடுத்தார்கள். வேலை யொஹென் கேர்ட்ஸ், எஸ்தர் ஷலேவ்-கேர்ட்ஸ் என்ற கலைஞர் தம்பதியரிடம் போனது. யொஹென் 1940 இல் பேர்லினில் பிறந்தவர், போர்க்காலக் குழந்தை. எஸ்தர் 1948 இல் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஜெருசலேமில் வளர்ந்தவர். குற்றம் செய்த நாட்டில் பிறந்த ஒருவரும், அழிக்கப்பட்ட சமூகத்தில் இருந்து வந்த ஒருவரும் சேர்ந்து செய்த வேலை இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

நகரம் அவர்களுக்கு ஒரு பூங்காவைக் காட்டியது. அமைதியான, மரங்கள் உள்ள இடம். நினைவுச்சின்னத்துக்கு வேறென்ன வேணும்? இருவரும் வேண்டாம் என்றார்கள். பூங்காவுக்குப் போகிறவர் விரும்பித்தான் போவார். விரும்பாதவர் அந்தப் பக்கம் போகாமலே வாழ்ந்துவிடலாம். அவர்கள் கேட்டது நெரிசலான இடம். ஹார்பேர்க் நகரமண்டபத் தொடருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகிறவர்களும் சாமான் வாங்க வருகிறவர்களும் நாள் முழுக்கக் கடந்து போகிற பாதசாரிகள் தெரு.

அவர்களுக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று, நினைவுச்சின்னம் எங்களுக்குப் பதிலாக நினைவுகூரத் தொடங்கிவிடும் என்பது. இது எங்களுக்கு விளங்காத விசயமில்லை. வீட்டில் சடங்கு என்றால் ஐயர் மந்திரம் சொல்லுவார், நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டு இருப்போம். சடங்கு ஒழுங்காக முடிந்துவிடும். சிலையும் அப்படித்தான். கல் நினைவு வைத்திருக்கிறது, ஆகவே நாங்கள் மறந்துவிடலாம். எங்கட ஊர்ச் சந்திகளில் நிற்கிற சிலைகள் ஆருடையவை என்று கேட்டால் எங்களில் பாதிப்பேருக்குப் பதில் தெரியாது. ஆனால் "சிலையடியில் இறக்கிவிடுங்கோ" என்று ஓட்டோக்காரரிடம் தினமும் சொல்லுவோம்.

மற்றப் பயம் இன்னும் ஆழமானது. உயர்ந்த பீடத்தில் ஏறி நின்றுகொண்டு, கீழே நிற்கிறவர்களுக்கு எதை நினைக்கவேணும் என்று கட்டளையிடுகிற வடிவம் பாசிசத்துக்கு மிகவும் பிடித்த வடிவம். பாசிசத்துக்கு எதிரான சின்னமும் அதே வேலையைச் செய்தால், எதிர்ப்பு எங்கே இருக்கிறது?

கையெட்டும் உயரம்

1986 ஒக்ரோபர் 10 ஆம் திகதி தூண் திறக்கப்பட்டது. 12 மீற்றர் உயரம். பக்கம் ஒவ்வொன்றும் 1 மீற்றர் அகலம். மேற்பரப்பு முழுக்க மெல்லிய ஈயப்பூச்சு. உருவம் இல்லை, முகம் இல்லை, செதுக்கல் இல்லை. தூணோடு உருக்கு எழுத்தாணிகள் கட்டிவைக்கப்பட்டிருந்தன. ஓலையில் கீறுவது போல அந்த ஈயத்தில் ஆரும் பெயரைக் கீறலாம்.

பக்கத்தில் ஓர் அறிவித்தல் ஏழு மொழிகளில் இருந்தது: ஜேர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஹீப்ரு, அரபு, துருக்கி. ஊர்மக்களும் வருகிறவர்களும் தங்கள் பெயரைக் கலைஞர்களின் பெயரோடு சேர்த்து எழுதும்படி அது அழைத்தது. எழுதுகிறவர் விழிப்பாக இருப்பேன் என்று உறுதி எடுக்கிறார். பெயர்கள் நிறைய நிறையத் தூண் கீழே இறக்கப்படும். ஒருநாள் முழுவதும் மறைந்து அந்த இடம் வெறுமையாகும். ஏனென்றால் அநியாயத்துக்கு எதிராக எழும்பவேண்டியது தூண் அல்ல, நாங்கள்தான். அறிவித்தலின் சாரம் இதுதான்.

துருக்கி மொழியையும் அரபையும் சேர்த்ததை நாங்கள் சின்ன விசயமாகப் பார்க்கேல்லை. அந்தத் தெருவில் நடக்கிற, ஆனால் அந்த ஊரின் வரலாற்றில் ஆரும் சேர்த்துக்கொள்ளாத ஆக்களையும் அது கூப்பிட்டது. எந்த மொழியில் அறிவித்தல் இருக்கு, எந்த மொழியில் இல்லை என்பதை வைத்தே ஒரு இடம் ஆருக்குரியது என்று கண்டுபிடிக்கிற நாடு எங்களுடையது. இது எங்களுக்கு விளங்காமல் ஆருக்கு விளங்கும்?

இப்ப அந்தத் தூணடியில் நிற்கிற ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். சாதாரண சிலை என்றால் அவர் நாலைந்து அடி தள்ளி நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். இங்கே தூணைத் தொடும் தூரத்துக்கு வரவேணும். எழுத்தாணியைப் பிடிக்கவேணும். பெயர் எழுத வெறும் இடம் தேடவேணும். தேடும்போது மற்றவர்கள் எழுதினதை வாசித்தே ஆகவேணும். பக்கத்தில் இன்னொருவர் எழுதிக்கொண்டு நின்றால் தோளோடு தோள் உரசும். எழுதாமல் போகிறவரும் தப்பேலாது. ஏன் எழுதேல்லை என்ற கேள்வி அவருக்குள் வரும், அல்லது கூட வந்தவர் கேட்பார். ஈயம் மென்மையான உலோகம். சின்ன ஆணியாலேயே கீறலாம். ஆனால் கீறினதை அழிக்கேலாது, அதற்கு மேல் இன்னொன்றைக் கீறத்தான் முடியும். ஆகவே ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்ல விரும்பினால், அதே இடத்தில், அவருடைய எழுத்தின் மேலேயே சொல்லவேண்டியிருந்தது.

கையெட்டும் உயரம் நிறைந்ததும் தூணை ஒன்றரை மீற்றர் அளவில் இறக்கினார்கள். எழுதின பகுதி நிலத்துக்குள் போக, எழுதாத பகுதி கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. இறக்குகிற நாட்களில் சனம் கூடி நின்று பார்த்தது. ஏழு ஆண்டுகளில் எட்டுத் தடவை இப்படி நடந்தது.

நகரத்தின் கைரேகை

கலைஞர்கள் எதிர்பார்த்தது வரிசை வரிசையான பெயர்களை என்று நினைக்கலாம். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு தூண் தன்பாட்டில் போகத் தொடங்கியது. பெயருக்கு மேல் பெயர். இன்னார் இன்னாரைக் காதலிக்கிறார் என்று இதய வடிவங்கள். கேலி முகங்கள். தாவீதின் நட்சத்திரங்கள். அவற்றுக்குக் கிட்ட நாஸிகளின் ஸ்வஸ்திகா. வெளிநாட்டவருக்கு எதிரான வாசகங்கள். எழுத்தாணி போதாதென்று கத்தி, ஆணி, தெளிக்கும் வர்ணம். இரவில் வந்து மற்றவர்களின் பெயர்களை ஒரேயடியாகச் சுரண்டி அழிக்கப் பார்த்தார்கள். ஈயத்தை உரித்தெடுக்கப் பார்த்தார்கள். துப்பாக்கியால் சுட்ட தடங்கள்கூட இருந்தன.

ஊரில் பலருக்கு ஆத்திரம் வந்தது. முதலே வடிவில்லாத தூண். இப்ப குப்பை வேறு. எங்கட ஊருக்கு வருகிறவன் இதைப் பார்த்து என்ன நினைப்பான்? கலைஞர்கள் இதைத் துடைக்கச் சொல்லேல்லை. ஸ்வஸ்திகா கீறினவனும் இந்த ஊர்க்காரன்தான், அவனை மறைத்துவிட்டு ஊரைக் காட்டினால் அது பொய் என்பது அவர்களின் நிலைப்பாடு. ஹம்பேர்க் பத்திரிகை ஒன்றும் அதே பக்கம் நின்று எழுதியது. நல்லெண்ணக் கையெழுத்துகளின் பட்டியலைவிட இந்த அழுக்குத்தான் உண்மைக்குக் கிட்ட இருக்கு, இது தூணில் பதிந்த நகரத்தின் கைரேகை என்ற கருத்தில்.

இந்த இடத்தில்தான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. எங்களில் ஒருத்தி கேட்டாள்: "கொலை செய்யப்பட்ட ஆக்களை நினைக்கிற இடத்தில கொலைகாரற்ற அடையாளத்தைக் கீற விடுறதோ? உறவுகளை இழந்தவர் ஆரும் அந்தத் தெருவால போனா அவைக்கு என்ன நடக்கும்?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல முயன்றவர்கள் எல்லாரும் கொஞ்சம் தடுமாறினோம். பிறகு ஒன்று விளங்கியது. இந்தத் தூண் இறந்தவர்களுக்கான கல்லறை அல்ல. அழுவதற்கான இடமும் அல்ல. செய்தவர்களின் ஊர் தன்னைத்தானே பார்க்கிறதற்கு நட்ட ஒன்று. அழுகிறவருக்குத் தேவையானது வேறு, அதை இதோடு குழப்பக்கூடாது. இந்த வேறுபாட்டுக்குக் கடைசியில் திரும்பி வருவோம்.

தூண் இறங்கிய ஏழு ஆண்டுகள்

1986 க்கும் 1993 க்கும் இடையில் ஜேர்மனியில் நடந்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தூணில் கீறினவை எவ்வளவு உயிருள்ளவை என்று தெரியும்.

1980களின் நடுப்பகுதியில் மேற்கு ஜேர்மனிக்குப் புகலிடம் தேடி வந்தவர்களில் எங்கட ஆக்களும் பெருமளவில் இருந்தார்கள். 1983 யூலைக்குப் பிறகு கிழக்கு பேர்லின் வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் நுழைந்த கதைகளை உறவினர் வாயால் கேட்டிருப்பீர்கள். அங்கே வேலை செய்ய அனுமதி கிடைப்பது கஷ்டம், முகாம் வாழ்க்கை, எப்ப திருப்பி அனுப்புவார்களோ என்ற பயம். 1986 ஓகஸ்ட்டில், தூண் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்னர், கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 150 க்கு மேற்பட்ட தமிழர்கள் மீட்கப்பட்டார்கள். இந்தியாவில் இருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். அவர்களை ஏற்றிவந்த கப்பல் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியில் இருந்து என்பது பிறகு தெரியவந்தது. ஜேர்மனியில் இருக்கேலாமல் அத்திலாந்திக்கைக் கடந்து ஓடியிருக்கிறார்கள். ஹார்பேர்க் தூணில் வெளிநாட்டவருக்கு எதிராக ஒருவன் கீறின வரி, எங்கட மாமாமாருக்கும் சித்தப்பாமாருக்கும் சேர்த்துத்தான்.

1989 நவம்பரில் பேர்லின் மதில் விழுந்தது. 1990 ஒக்ரோபர் 3 இல் இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றாயின. கொண்டாட்டத்தோடு வேறொன்றும் வெளியே வந்தது. 1991 செப்ரெம்பரில் ஹொயர்ஸ்வேர்டா என்ற ஊரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அகதிகளும் தங்கியிருந்த கட்டடங்கள் தாக்கப்பட்டன. 1992 ஓகஸ்ட்டில் றொஸ்ரொக் நகரத்தில் வியட்நாமியத் தொழிலாளர்கள் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். கீழே கூடி நின்ற சனம் கைதட்டியது. அதே ஆண்டு நவம்பர் 23 இல், ஹம்பேர்க்கில் இருந்து அதிக தூரமில்லாத மியோல்ன் என்ற சிற்றூரில் துருக்கிக் குடும்பங்களின் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. ஒரு பெண்ணும் இரண்டு சிறுமிகளும் இறந்தார்கள். டிசெம்பரில் இதற்கு எதிராக மெழுகுவர்த்திகளோடு சனம் தெருவில் இறங்கியது. முனிச்சில் மட்டும் இலட்சக்கணக்கானோர். 1993 மே 29 இல் சோலிங்கனில் இன்னொரு துருக்கிக் குடும்பத்தின் வீடு எரிந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், எல்லாரும் பெண்களும் சிறுமிகளும்.

1993 நவம்பர் 10 ஆம் திகதி தூண் கடைசித் தடவையாக இறக்கப்பட்டது. அதற்குள் 60,000 க்கு மேற்பட்ட கையெழுத்துகள் அதில் சேர்ந்திருந்தன. இப்ப அங்கே போனால் காலுக்குக் கீழே தூணின் உச்சி மட்டும், தரையோடு தரையாக. கீழே சுரங்கப்பாதைப் பக்கம் போனால் சின்னக் கண்ணாடி ஒன்றின் ஊடாகத் தூணின் ஒரு துண்டைப் பார்க்கலாம்.

அது தோற்றுப்போனதா?

ஏழு ஆண்டுகளாக விழிப்பாக இருப்போம் என்று கையெழுத்து வைத்த நாட்டில், கடைசி ஆண்டிலும் வீடுகள் எரிந்தன. அப்ப அந்தக் கையெழுத்துகளால் என்ன பயன்? எங்களில் சிலர் இதைக் கடுமையாகவே சொன்னார்கள். கையெழுத்து மலிவானது. ஒரு நிமிடத்தில் கீறிவிட்டு, கடமை முடிந்ததென்று வீட்டுக்குப் போகலாம். சிலை எங்களுக்குப் பதிலாக நினைவுகூருகிறது என்று குறை சொன்னவர்கள், கையெழுத்து எங்களுக்குப் பதிலாகப் போராடுகிறது என்ற புதுச் சாட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் உண்மை இருக்கு. ஆனால் எந்த நினைவுச்சின்னமும் வீடு எரிவதைத் தடுத்ததாக நாங்கள் வாசிக்கேல்லை. இந்தத் தூண் செய்தது வேறொன்று. "இங்கே அப்படிப்பட்டவர்கள் இல்லை, அதெல்லாம் 1945 ஓடு முடிந்துவிட்டது" என்று சொல்ல முடியாமல் செய்தது. றொஸ்ரொக்கில் கைதட்டின சனம் திடீரென்று வானத்தில் இருந்து குதிக்கவில்லை என்பதற்கு, அதற்கு முன்னமே ஈயத்தில் கீறின சாட்சி இருந்தது.

அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஈ. யங் 1990களின் தொடக்கத்தில் இந்த வகை வேலைகளுக்கு எதிர்நினைவுச்சின்னம் என்று பெயர் வைத்தார். நினைவுச்சின்னம் என்ற வடிவத்தையே கேள்வி கேட்கிற நினைவுச்சின்னம். யொஹென் கேர்ட்ஸ் அதே வழியில் இன்னும் ஒரு படி போனார். சார்புறூக்கன் நகரத்தில் நாஸிக் காலத்தில் இரகசியப் பொலிஸ் இருந்த மாளிகை ஒன்று இருக்கு. அதன் முன்னால் போகிற பாதையின் கற்களை, அவரும் அங்கத்தைய கலைக் கல்லூரி மாணவர்களும் இரவில் இரகசியமாகக் கிளப்பினார்கள். ஜேர்மனி முழுவதிலும் இருந்த யூத இடுகாடுகளின் பெயர்களைச் சேகரித்து, கல்லுக்கு ஒன்றாகப் பொறித்து, எழுத்து நிலத்தைப் பார்க்கும்படி திருப்பிப் பதித்தார்கள். மொத்தம் 2,146 கற்கள். பிறகுதான் அரசாங்க அனுமதி வந்தது. 1993 இல் அது முறைப்படி கையளிக்கப்பட்டது. அந்த இடத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத நினைவுச்சின்னத்தின் சதுக்கம் என்று பெயரும் வைத்தார்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நடக்கிறவர், எந்தக் கல்லில் கால் வைக்கிறேன் என்று யோசிக்காமல் நடக்கேலாது. எங்கட வயது மாணவர்கள் இரவில் கல் கிளப்பினார்கள் என்ற இடத்தை நாங்கள் இரண்டு தடவை வாசித்தோம்.

எங்கட சந்தியில் ஒரு தூண்

இதெல்லாம் நல்லம். ஆனால் இதை இங்கே கொண்டுவரலாமா?

2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். சில நாட்களுக்குள் மீண்டும் அடிக்கல் வைக்கப்பட்டு, அதே ஆண்டு தூபி திரும்ப எழும்பியது. இந்தத் தூபி மாதிரியான ஒன்றை ஹார்பேர்க் தூணோடு ஒப்பிட்டு, "பாருங்கோ, ஜேர்மனியில் தாங்களே இறக்குகினம், நீங்கள் ஏன் கல்லைக் கட்டிப்பிடிக்கிறியள்" என்று ஆரும் சொன்னால், அது அநியாயம். ஹார்பேர்க்கில் மறைந்தது, செய்தவர்களின் தரப்பு தானே நட்டு, தானே முடிவெடுத்து இறக்கின சின்னம். அதை மறைய விடுவதற்கு அந்த நாட்டுக்கு வசதி இருந்தது. நடந்ததை அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருந்தது, பாடப்புத்தகத்தில் இருந்தது, நீதிமன்றம் விசாரித்திருந்தது. இழந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. இறந்தவருக்கு விளக்கு வைக்கக் கல் ஒன்று வேணும். அது நிலைத்து நிற்கவும் வேணும். முன்னர் சொன்ன வேறுபாடு இதுதான்.

ஆனால் கதை இதோடு முடியேல்லை. அந்தக் கன்ரீன் மேசையில் ஒருத்தன் மெல்லமாகக் கேட்டான்: "அப்ப நாங்கள் செய்த தரப்பா இருக்கிற இடம் எது?"

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. பதில் எல்லாருக்கும் தெரியும். ஹார்பேர்க் தூண் இறங்கிக்கொண்டிருந்த அதே 1990 இல், ஒக்ரோபர் கடைசியில், வடக்கில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலும் இருந்து 70,000 பேரளவில் போகவேண்டி வந்தது. அப்ப நாங்கள் பிறக்கேல்லை. நாங்கள் செய்யேல்லை. ஹார்பேர்க்கில் எழுத்தாணி பிடித்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நாஸிக் காலத்தில் பிறந்திருக்கேல்லை.

அதற்காக ஐந்து சந்தியில் 12 மீற்றரில் ஒரு தூண் நட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அறிவித்தல் வைத்து, பக்கத்தில் எழுத்தாணியும் கட்டிவிட்டால் என்ன நடக்கும்? ஆர் ஆர் பெயர் எழுதுவினம்? என்னென்ன கெட்ட வார்த்தைகள் கீறப்படும்? இரவில் ஆர் வந்து சுரண்டுவினம்? எழுதினவற்றைக் காலமையில் வாசிக்கிறதுக்கு எங்களுக்குத் தைரியம் இருக்குமா? இந்தக் கேள்விகளில் அன்றைக்கு எங்களுக்குள் ஒற்றுமை வரேல்லை. ஒருத்தன் எழும்பியே போய்விட்டான். பிறகு வந்து சேர்ந்தான், ஆனால் அவன் கருத்து மாறேல்லை.

அன்றிரவு எங்களில் ஒருத்தி வீட்டுக்குப் போன் எடுத்து, அந்த நாளைப் பற்றி அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு அப்ப பள்ளிக்கூட வயது. மகளுக்கு இருபத்திரண்டு வயதாகும்வரை அந்த வீட்டில் ஒருநாளும் வராத கதை அது. அம்மா முதலில், இப்ப ஏன் பிள்ளை இதெல்லாம் என்று கேட்டாவாம். பிறகு கன நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாவாம்: "பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைத்துணி வாங்குற கடை ஒண்டு இருந்தது. கடைக்கார ஐயா எனக்கெண்டு கொஞ்சம் கூட வெட்டித் தருவார், வளருற பிள்ளை எண்டு. ஒருநாள் போக, கடை பூட்டிக்கிடந்தது. நாங்கள் வேற கடையில வாங்கிக்கொண்டு வந்திட்டம். ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."